நாடி பார்க்க வந்தவள்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த என் மனைவியின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். டாக்டராக ஆசைப்படும் பள்ளிப் பிள்ளைகள் நால்வரை வார்டைக் காட்ட அழைத்து வந்தாள் ஒரு மருத்துவ மாணவி. ஒல்லியானவள், தடித்த கண்ணாடி. யாரையும் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள்.

“பாட்டி, பிள்ளைகள் நாடி பாக்கட்டா?”

மனைவி கண்ணசைத்தாள். பிள்ளைகளில் ஒருத்தி தொட்டுப் பார்த்து, “நாடி கிட்டேல்லக்கா,” என்றாள்.

“ஏட்டி, ஓடிப்போய் சிஸ்டரக் கூப்பிடு!” என்ற மாணவி, தானே அந்தக் கையைப் பிடித்தாள்.

டாக்டர் வந்து நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்றார். அவள் மட்டும் பிடியை விடவில்லை.

“துடிப்பு எத்தன மக்கா?” என்று கெஞ்சினேன்.

“எண்ணேல்ல தாத்தா. சும்மா பிடிச்சிருக்கேன்.”

அவள் போனபின் மனைவியின் இரண்டு கைகளையும் தொட்டேன். ஒன்று குளிர்ந்திருந்தது. மற்றது சூடாக இருந்தது. அது யாருடைய சூடு என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.