காற்று வரும் என்று எழுதுகிறவன்

கடற்கரையில் காற்று வரும் என்று சொல்கிறவனுக்கு இரண்டே விதமான நாட்கள்: சொன்ன காற்று வராமல் ஏச்சு வாங்கும் நாள், சொல்லாத காற்று வந்து ஏச்சு வாங்கும் நாள். கற்பிட்டிப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தில் நான் கிளாக்கர். கொழும்பிலிருந்து போனுக்கு வருகிற வானிலை அறிவித்தலைச் சங்க வாசலில் உள்ள கரும்பலகையில் எழுதுவதும் என் தலையில் விழுந்த வேலை. யுத்தம் முடிந்து, கடலுக்குப் போகப் பாஸ் எடுக்கிற தொல்லையும் ஒழிந்த பிறகு, போட்டுகளைக் கரையில் நிறுத்த என் வெண்கட்டி மட்டும்தான் மிச்சம். கெட்ட செய்தி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் இது விளங்கும்.

மற்றவன்ர காத்து

அந்த ஐப்பசியில் முதல் அறிவித்தல் ஒரு திங்கட்கிழமை வந்தது. புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில் பலத்த காற்று வீசக்கூடும், கடற்றொழிலாளர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். ஒரு எழுத்து மாறாமல் எழுதினேன். மூன்று போட் வைத்திருக்கும் சம்மாட்டி சவிரிமுத்து வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசித்தார். அவர் வாசிக்கிற வேகத்துக்கு ஒரு புயல் வந்தே போயிருக்கும்.

“இதில எங்கட ஊர்ப் பேர் எங்க?” என்றார். இடையில் உள்ள எல்லா ஊரும் அடங்கும் என்றேன். மனுசனுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்கட ஊருக்கெண்டு வந்தா எழுது. மற்றவன்ர காத்துக்கு நான் ஏன் வீட்டில இருக்கோணும்?”

மூன்று போட்டும் போயின. காற்று வரவில்லை. பாரை மீன்தான் வந்தது.

மோந்து பார்

எலிசபெத்தக்கா கருவாடு போடுகிறவ. வியாழக்கிழமை நான் இரண்டாவது அறிவித்தலை எழுதியதும், வெயிலில் பரப்பியிருந்த மீனையெல்லாம் அள்ளி, தார்ப்பாய்ப் படங்கால் மூடிக் கட்டி வைத்துவிட்டா. பாவம், என்னை நம்பினவ. அடுத்த இரண்டு நாளும் மண் சுடச் சுட வெயில் எறித்தது. சனிக்கிழமை ஒரு கூடையோடு வந்து, என் மேசையில், மின்சார பில்லுக்கு மேலேயே வைத்தா. அந்த மணம் ஒரு கிழமை என் சட்டையில் இருந்தது.

“உன்ர புயல்தான் கொண்டு வந்திருக்கிறன், நல்லா மோந்து பார்.”

அதோடு அவவும் கைவிட்டா. இனி என் சொல்லுக்குப் போட்டைக் கரையில் ஏற்றுகிறவர் ஊரில் ஒரே ஒருவர். என் தங்கச்சி மெற்றில்டாவின் புருசன் பஸ்தியான். ஊர் முழுக்க அவரை நக்கலடித்தாலும், “மச்சான் எழுதினா நான் போறேல்ல” என்பார்.

தேத்தண்ணிக் கடை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஹனீபா நாநாவின் கடைக்குப் போனேன். வாங்குப் பலகையில் இருந்தவர்கள் எல்லாரும் கோவில் உடுப்போடுதான் இருந்தார்கள். என்னைக் கண்டதும் கதை நின்றது. நாநா தேத்தண்ணியை நீட்டியபடி, மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

“தம்பி, உங்கட புயல் கொழும்பில இருந்து வாற வழியில மதுரங்குளியில பஸ் மாற நிக்குதோ?”

கடையே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

எழுதாத பலகை

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மூன்றாவது அறிவித்தல் வந்தது. நாளைப் பகல் பலத்த காற்று. வெண்கட்டியை எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். தேத்தண்ணிக் கடைச் சிரிப்பு காதுக்குள் கேட்டது. பின்னேரம் இன்னொரு அறிவித்தல் வரும், அதைப் பார்த்து உறுதியாக எழுதுவோம் என்று வெண்கட்டியைத் திரும்ப வைத்தேன். வெட்கம், வேறொன்றுமில்லை.

இரண்டு மணிக்குப் பஸ்தியான் வலையோடு வந்தார். எங்கள் பக்கம் பின்னேரம் வலையைக் கடலில் விட்டு வந்து, மறுநாள் விடியத்தான் எடுப்பார்கள். வெறும் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்துக் கை காட்டினார், போனார். நானும் கை காட்டினேன்.

நாலரைக்கு அதே அறிவித்தல் திரும்பவும் வந்தது. எழுதினேன். பொழுதுபடக் கரைக்குத் திரும்பி வந்த பஸ்தியான் அதை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். போகாதே என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அவரிடம் இருந்ததே அந்த ஒரு வலைதான். எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்.

“வலை கடலில கிடக்குதே மச்சான், விடியக் காத்துக்கு முந்திப் போய் எடுத்திட்டு ஓடி வந்திடுறன்.”

ஒரே ஆள்

பகல் வரவேண்டிய காற்று விடியவே வந்துவிட்டது. வானிலைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், காற்று நேரம் பார்த்து வருமா? பஸ்தியான் தனியாகப் போயிருந்தார். மூன்றாம் நாள் போட் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. ஆள் வரவில்லை, இன்றுவரை இல்லை.

செத்த வீட்டில் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நீ முதலே எழுதினாலும் ஆர் கேட்டிருப்பான் என்றார் சவிரிமுத்துச் சம்மாட்டி. எனக்கும் அதைப் பிடித்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. மெற்றில்டா அழவில்லை. கதிரையில் இருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“உன்ர கதையைக் கேக்கிற ஒரே ஆள் அவர்தானே அண்ணா, அவருக்கு மட்டுமெண்டாலும் சொல்லியிருக்கலாமே.”

இப்போதெல்லாம் அறிவித்தல் வந்த நிமிசமே எழுதிவிடுகிறேன். நம்புவதற்குத்தான் ஊரில் ஒருவரும் மிச்சமில்லை.