தலையில்லாத பிள்ளைக்குக் கழுத்து

“கையில புடிச்சுப் பாக்காத துணி என்ன துணீங்க?”

இதைச் சாமியாத்தா அக்கா ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்வார். மூக்கைச் சுளித்து, ‘துணீங்க’வை இழுத்து, நானும் பதினொன்றாவது முறை சொல்லிக் காட்டுவேன். அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் சாம்பிள் தைப்பவர் அவர். நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு புது ஏற்பாடு வந்தது. எங்களிடம் பனியன் வாங்கும் ஹாலந்துக்காரம்மா அங்கேயும் நாங்கள் இங்கேயுமாக, போன் லைன் வழியே ஒரே படத்தைப் பார்ப்போம். திரையில் மூன்று வயதுப் பிள்ளையின் உடம்பு சுழலும், மேலே நாங்கள் வரைந்த பனியன். சிவப்பு அம்பு அந்தம்மாவுடையது, நீலம் என்னுடையது.

அன்று காலை சிவப்பு அம்பு கழுத்தைச் சுருக்கியது. அழகாக இருந்தது. மேனேஜர் ஜமால் அண்ணன் சரி என்றார். மூவாயிரம் பனியனுக்கு மதியமே கட்டிங்.

அதற்குள் அக்கா ஒரு சாம்பிள் தைத்து, தன் பித்தளைச் செம்பில் மாட்டினார். சின்னப் பிள்ளையின் தலை அளவுக்கென்றே தேடி வாங்கிய செம்பு அது. கழுத்துப்பட்டி பாதியில் நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் இறங்கவில்லை.

“படத்துல சரியா இருக்கேக்கா” என்றார் ஜமால் அண்ணன். “அந்தம்மாவே ஓகே பண்ணிட்டாங்க.”

“நாளைக்குச் சரக்கு திரும்பி வந்தா தெச்சவ மேலதான தப்புன்னு சொல்லுவீங்க?” அக்கா திரையருகே வந்து குனிந்தார். “ஏனுங்க, இந்தப் புள்ளைக்குத் தலை எங்கீங்க?”

ஜமால் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். கழுத்தோடு உடம்பு முடிந்திருந்தது. இத்தனை நாளும் இரண்டு ஊர்க்காரர்களுமே அதைக் கவனிக்கவில்லை.

செம்பைச் சுற்றி டேப் பிடித்து, அதே அளவில் கழுத்துக்கு மேல் நீல வட்டம் வரைந்தேன். சிவப்பு அம்பு மெல்ல வந்து, வட்டத்துக்குள் இரண்டு கண்ணும் ஒரு வாயும் போட்டுவிட்டு, கழுத்தை அகட்டியது. கட்டிங் மறுநாள்தான் நடந்தது.

அதன்பிறகு அங்கிருந்து வந்த படமெல்லாம் தலையோடுதான் வந்தது.

“இப்பவாச்சும் கம்ப்யூட்டர நம்புறீங்களாக்கா?” என்று சீண்டினேன்.

அக்கா செம்பை முந்தானையால் துடைத்து என் மேஜைமேல் வைத்தார்.

“நம்பாம என்ன கண்ணு. இந்தச் செம்பு உம்பக்கத்துலயே இருக்கட்டும். தலைய மறந்தவங்க நாளைக்கு எதை மறப்பீங்களோ, ஆரு கண்டா.”