சிவப்பு விளக்கும் சாயம் சுரண்டிய கண்ணும்

டெலிபோன் போர்டு வேலை என்றால் எரிகிற விளக்கைப் பார்த்து வயரைச் செருகுவது. பார்க்கத் தவறினால் ஊருக்கே நம்மேல் கோபம். போர்டு முன்னால் உட்கார்ந்து கண் பூத்துப்போன சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாலு மணி வெயில்

மெர்டேக்கா, அதாவது மலாய் நாட்டுச் சுதந்திரம், வந்த மறு வருஷம், காஜா பெராங் வட்டாரத்தில் ஒரு ரப்பர் கம்பெனியில் சேர்ந்தேன். படிப்பு தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புதான். ஆனால் நம்பர்களை நாலு பாஷையில் சொல்வேன். போர்டில் இருபது லைன், இருபது விளக்கு. எது எரிந்தாலும் மேலே ஒரு சிவப்பு விளக்கும் கூடவே எரியும். மணி கிடையாது. நாலு மணிக்கு மேற்கு ஜன்னல் வெயில் விழுந்துவிட்டால் எது எரிகிறது, எது சும்மா பளபளக்கிறது என்றே தெரியாது.

ஒரே வாரத்தில் இரண்டு சிங்கப்பூர் அழைப்புகளைத் தவறவிட்டேன். வீட்டுக்காரருக்கு ஆற்றங்கரைக் கிடங்கில் வாரம் மூன்று நாள்தான் வேலை. மகளுக்கு எட்டு மாதம். ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"இன்னொன்னு விட்டீன்னா, உன் நாற்காலியில வேற பொண்ணு இருக்கும்மா."

சூரியனின் அழைப்பு

போர்டு பழுது பார்க்க வரும் அருளப்பன் அண்ணனிடம் அழாத குறையாகச் சொன்னேன். மறுநாள், புது ரேடியோக்களில் போடும் டிரான்சிஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். விரல் நுனியளவு கண்ணாடிக் குப்பி, மேலே கறுப்புச் சாயம். "வெளிச்சம் பட்டா உள்ளே இருக்கிற ஜெர்மானியம் கரண்டை அள்ளி விட்டுடும், அதனாலதான் கறுப்பு பூசுறான். நமக்கு அதுதானே வேணும்?" என்று சவர பிளேடால் சாயத்தைச் சுரண்டினார். சிவப்பு விளக்குக்கு எதிரே அதை வைத்து, ஒரு மணியோடு இணைத்தார்.

விளக்கு எரிந்தால் மணி அடித்தது. மத்தியானம் வரை நான் மகாராணி. நாலு மணிக்கு வெயில் வந்தது. அப்புறம் மணி நிற்கவேயில்லை. டைப்பிஸ்ட் பாக்கியம் கம்போங் செட்டி கிராமத்துக்காரி, தமிழ்ப் பேர் இருந்தாலும் பேசுவதெல்லாம் மலாய்தான். சிரிக்காமல் மலாயில் கேட்டாள்:

"சூரியன் கூப்பிடுது அக்கா, எந்த லைன்ல போடப் போறீங்க?"

பால் டின்

மகளின் பால் டின்னை இரண்டு பக்கமும் வெட்டி, விளக்குக்கும் சாயம் சுரண்டிய அந்தக் கண்ணுக்கும் நடுவே குழல் மாதிரி பொருத்தினேன். இடுக்கில் நுழைந்த வெயில் டின்னின் பளபளப்பில் பட்டு, மறுபடியும் மணி. குழந்தைக்கு இடும் மையை உள்ளே முழுக்கத் தடவினேன். நாலு மணி வந்தது, வெயில் வந்தது, மணி பேசாமல் இருந்தது. பிறகு ஒரே ஒரு தடவை அடித்தது. சிங்கப்பூர்.

பெரிய கிராணி டின்னையே பார்த்தார். "மணி அடிச்சா நானே செருகிடுவேனே, இதுக்கு ஒரு ஆள் எதுக்கு?"

மறுநாள் என்னை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். மணி ஒழுங்காகத்தான் அடித்தது. சிங்கப்பூர்க்காரர் முதலாளி வீட்டுச் சமையல்காரரோடு பேசினார். முதலாளியின் மனைவி லாரி ஷெட்டோடு பேசினார். மாடிப்படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டதும் கிராணி எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்:

"இது கூப்பிடத்தான் செய்யுது, யாருக்குன்னு சொல்ல மாட்டேங்குது. நீயே உட்காரும்மா."

ஆக, என் வேலையைக் காப்பாற்றியது சுரண்டிய டிரான்சிஸ்டரும் பால் டின்னும் குழந்தையின் மையும்தான். சம்பளத்தை மட்டும் நான் தனியாக வாங்கிக்கொள்கிறேன்.