பதினேழாம் நம்பர் செடி

2003ஆம் வருடம், தை மாதம். உத்தமபாளையத்திலிருந்து கோம்பை போகிற வழியில், வாய்க்காலை ஒட்டி எங்கள் வீடு. கணவருக்கு மின்வாரியத்தில் வேலை. நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். கணவரின் அக்காவும் எங்களோடுதான் இருந்தார். அவரை மதினி என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மனதில் ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசத் தெரியாது. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் வந்த விருந்தாளி முன்னாலேயே சொல்லிவிடுவார். இதற்காக அவரோடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அந்த நாக்கை நம்பித்தான் ஒரு காரியத்தில் இறங்கினேன்.

எனக்குத் தக்காளிப் பைத்தியம். எங்கள் பக்கத்து நாட்டுத் தக்காளியைப் பார்த்திருப்பீர்கள். மடிப்பு மடிப்பாக இருக்கும், ரசம் வைத்தால் தெருவே மணக்கும். ஆனால் பறித்த மறுநாளே கொழகொழவென்று ஆகிவிடும். கம்பெனி விதைத் தக்காளியோ பத்து நாள் ஆனாலும் கல் மாதிரி கிடக்கும், வாயில் போட்டால் ஒரு ருசியும் இருக்காது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினால் என்ன என்று வானொலியில் விவசாய நிகழ்ச்சி கேட்டுக் கேட்டு எனக்கு ஆசை வந்துவிட்டது. நாட்டுத் தக்காளியின் பூ விரிவதற்கு முந்தின நாள், ஹூக் தைக்கிற ஊசியால் அதன் மகரந்தப் பகுதியை உரித்தெடுத்தேன். மறுநாள் கம்பெனித் தக்காளிப் பூவின் தூளைத் தொட்டு வைத்து, அடையாளத்துக்கு ஊதா நூல் கட்டினேன். காய் பிடித்தபோது பிள்ளை பெற்றவள் மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த விதையிலிருந்து வந்த முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. அவற்றின் பழத்திலிருந்து எடுத்த விதையைப் போட்டால்தான் வேடிக்கை. முப்பத்தாறு நாற்று நட்டேன், முப்பத்தாறும் முப்பத்தாறு விதம். ஒன்று குட்டை, ஒன்று கொடி. ஒன்று புளிப்பு, ஒன்று சப்பென்று இருக்கும். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், ஒவ்வொரு செடியும் அதற்கு அது ஒன்றுதான். செத்தால் போனதுதான், அதே குணத்தில் இன்னொன்று கிடைக்காது.

செடிக்கு ஒரு குச்சி நட்டு, நம்பர் எழுதி, தைத்து மிஞ்சிய துணியைக் கிழித்துக் கட்டினேன். ருசி இருந்தால் சிவப்பு, நாள்பட நின்றால் பச்சை, தேறாவிட்டால் வெள்ளை. மார்க் போடுவது மதினி. எந்தச் செடியின் பழம் என்று சொல்ல மாட்டேன். அவரும் கேட்க மாட்டார். கண்ணை மூடி மென்றுவிட்டு, "மூணு போடு", "இதெல்லாம் ஒரு தக்காளியா, மாட்டுக்குப் போடு" என்பார். நோட்டில் எழுதிக்கொள்வேன். வெள்ளைத் துணிதான் அதிகம்.

பதினேழாம் நம்பர் மட்டும் வேறு. அதன் முதல் பழத்துக்கு மதினி ஒன்பது போட்டார். இன்னொரு பழம் ஜன்னல் மேடையில் பதினோரு நாள் சுருங்காமல் இருந்தது. சிவப்பு, பச்சை இரண்டும் கட்டிய ஒரே செடி அதுதான். தெருவில் எல்லாருக்கும் அதன் விதையைத் தருகிறேன் என்று வாக்குக்கூடக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பத்து நாளில் செடி வாடத் தொடங்கியது. தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே பழுப்பு. மண்ணிலிருந்து வருகிற வாடல் நோய், வந்தால் பிழைக்காது. நுனிக்கிளை ஒன்றை வெட்டி வேர் பிடிக்க வைத்து நட்டேன், அதுவும் நாலு நாளில் போயிற்று. சுண்டை வேரில் கத்தரியை ஒட்டுக்கட்டினால் வாடல் வராது என்று வானொலியில் கேட்டிருந்தேன். என்னிடம் சுண்டை இல்லை. வேலியோரம் ஊமத்தை நின்றது. சுண்டை, தக்காளி, ஊமத்தை எல்லாம் ஒரே குடும்பம் என்றும் அதே வானொலியில் சொல்லியிருந்தார்கள். விஷம் இலையிலும் காயிலும்தானே, அதை வெட்டிவிட்டால் வேர் வெறும் தண்ணீர்க் குழாய்தானே என்று நானே முடிவு செய்துகொண்டேன். மிச்சமிருந்த நுனியை ஊமத்தைத் தண்டில் செருகி, ரவிக்கைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஒட்டுக் கூடியதும் கட்டு வெளியே தெரியாமல் மண்ணை அணைத்துவிட்டேன். பதினேழாம் குச்சியையும் அங்கே மாற்றி நட்டேன். செடி பிழைத்துக்கொண்டது என்று மட்டும் மதினியிடம் சொன்னேன். ஊமத்தையைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் வாயில் வைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் போயிருக்கும். அன்று கணவர் லைன் பழுது பார்க்க மலைக்குப் போயிருந்தார். காலை பதினோரு மணி இருக்கும். ஒட்டுச் செடியில் பழுத்த ஆறு பழங்களையும் பறித்து வந்து நீட்டினேன். மதினி வழக்கம்போலக் கண்ணை மூடி மென்றார்.

"ஏத்தா, இதுதான்த்தா தக்காளி. ஓரத்துல ஒரு கசப்பு இருக்கு, அதுவும் நல்லாத்தான் இருக்கு. பத்துக்குப் பத்து போடு" என்றார். உப்பைத் தொட்டுத் தொட்டு நாலு பழத்தை நின்ற இடத்திலேயே தின்றுவிட்டார். நான் சந்தோஷத்தில் அரைப் பழம் தின்றேன்.

மதிய வெயில் உச்சிக்கு வந்த நேரம். மிஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறேன், கோக்கிறேன், முடியவில்லை. ஊசியின் காது இரண்டாகத் தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் பின்னால் தோட்டத்தில் மதினி யாரோடோ பேசும் சத்தம் கேட்டது. ரொம்ப மரியாதையாக, விசேஷ வீட்டில் ஆட்களை வரவேற்கிற குரலில் பேசிக்கொண்டிருந்தார். பதில் குரல் எதுவும் கேட்கவில்லை.

போய்ப் பார்த்தால் தக்காளிப் பாத்திக்கு நடுவில் நிற்கிறார். முகம் செக்கச் சிவந்திருக்கிறது. அந்த வெயிலிலும் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"ஏத்தா, இம்புட்டுப் பேரு வந்துருக்காக, ஒரு வாய் தண்ணி குடுக்காம உள்ள உக்காந்துருக்க?"

"யாரு மதினி வந்தது?"

"கண்ணு அவிஞ்சு போச்சா? குச்சிக்கு ஒரு ஆளா நிக்கிறாக பாரு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மதினி இல்லாததை இருக்கிறது என்று சொல்லி ஒருநாளும் நான் கேட்டதில்லை. அவர் காட்டிய பக்கம் திரும்பினேன். காற்றே இல்லை, ஆனால் குச்சிகளில் கட்டிய துணியெல்லாம் மெல்ல அசைந்தன. வெள்ளைத் துணிகளுக்கு நடுவே ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தபோது அங்கே செடிதான் இருந்தது.

மதினி ஒன்றுமில்லாத வெற்று வெளியில் கை நீட்டி, விரலால் பிடித்துத் திருகி, எதையோ பறித்து மடியில் போட்டார். ஒவ்வொன்றையும் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். நிதானமாக, தக்காளி பறிக்கிற அதே கையசைவு. மடி காலியாகவே இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு அம்மாவும், பக்கத்து வீட்டு ராவுத்தரும் ஓடி வந்தார்கள். ராவுத்தர் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் வைத்திருப்பவர். மூவரும் சேர்ந்து மதினியை உள்ளே கொண்டுவந்து படுக்க வைத்தோம். அப்போதுதான் அவர் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தேன். கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகக் கிடந்தது. சின்ன வயதில் எங்கள் தெருவில் ஊமத்தங்காயைத் தின்ற ஒரு பிள்ளைக்கும் கண் இப்படித்தான் ஆனது. எனக்கு அந்த நிமிடமே எல்லாம் புரிந்துவிட்டது.

"உச்சி வெயில்ல தலைய விரிச்சுப் போட்டு வாய்க்கா ஓரமா நின்னா வேற என்ன ஆகும்? காத்துக் கருப்புதான். கோடாங்கியக் கூட்டிட்டு வரச் சொல்றேன்" என்றார் எதிர் வீட்டு அம்மா. உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவரைக் கூட்டிவர அப்போதே ஆள் போயிற்று. அந்த அம்மாவே மதினியின் நெற்றியில் திருநீறு பூசி, குச்சனூர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்தார்.

"தங்கச்சி, வாசல்ல ஜீப்பு நிக்கிது. ஆஸ்பத்திரிக்குப் போயிருவம்" என்றார் ராவுத்தர்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் பாப்போம்ணே."

ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன சாப்பிட்டார் என்று கேட்பார்கள். நாத்தனாருக்கு விஷம் வைத்தவள் என்று ஊர் பேசும். மலையிலிருந்து வருகிற கணவரின் முகத்தில் எப்படி விழிப்பது? பேய் என்றே இருந்துவிட்டால் என் மேல் ஒரு தப்பும் இல்லை. கோடாங்கி வருவதற்குள் தானாகத் தெளிந்துவிட மாட்டாரா என்று ஒவ்வொரு நிமிடமாகத் தள்ளினேன். அப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. மதினியின் உடம்பு அனலாகக் கொதித்தது. நெஞ்சு படபடவென்று அடிப்பது சேலைக்கு மேலேயே தெரிந்தது. வாசலில் யார் வந்தாலும் கோடாங்கியா என்று நான்தான் முதலில் எட்டிப் பார்த்தேன்.

திடீரென்று மதினி என் கையைப் பிடித்தார். அந்தக் கறுப்புக் கண்கள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் எதையோ பார்த்தன.

"பதினேழுல நிக்கிறவ அழுவுறா ஆத்தா. காலு அவளுது இல்லையாம். யாரு காலையோ வச்சுத் தச்சுட்டாகளாம். எடுத்து விடச் சொல்றா."

அன்று தின்றது பதினேழின் பழம் என்று நான் சொல்லவில்லை. ஒட்டுக்கட்டியதை ஈ காக்கைக்குக்கூடச் சொல்லவில்லை.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல! நான் குடுத்த தக்காளிதான். ஊமத்தை வேருல ஒட்டுனது. நான்தான் குடுத்தேன்!" என்று கத்தினேன். ராவுத்தர் ஒரு கேள்வி கேட்கவில்லை. மதினியை அப்படியே தூக்கி ஜீப்பில் போட்டார். நான் ஓடிப்போய் பதினேழாம் செடியை வேரோடு பிடுங்கி, மிச்சமிருந்த ஒரு பழத்தையும் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு அம்மாவோடு ஏறினேன்.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். தக்காளியா என்று முதலில் நம்பவில்லை. மதினியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், வேரைப் பார்த்தார், பிறகு என் கண்ணிலும் அடித்துவிட்டு என்னையும் பக்கத்துக் கட்டிலில் படுக்கச் சொன்னார்.

"இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா வயித்தக் கழுவினதுலேயே பாதி போயிருக்கும். ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்டார்.

எதிர் வீட்டு அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "நாங்கதாம்மா காத்துக் கருப்புன்னு நெனச்சு வச்சிருந்துட்டோம்" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் மதினிக்குச் சுயநினைவு இல்லை. கை மட்டும் அவ்வப்போது காற்றில் எதையோ பறித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தொண்டை காய்கிறது, காப்பி வேண்டும் என்றார். வராண்டாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அன்று நடந்த எதுவுமே அவருக்கு நினைவில்லை. கால் தைத்த கதையை நான் கேட்டதற்கு, தண்ணீர் ஊற்றும்போது மண் கரைந்து கட்டுத் துணி தெரிந்திருக்கலாம், அது மனதில் பதிந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. இருக்கலாம். ஆனால் நான் பிடுங்கும்போது அணைத்த மண் அப்படியேதான் இருந்தது.

பதினேழின் முதல் பழத்து விதை ஒரு பொட்டலம் என்னிடம் இருந்தது. அது ஒட்டுக்கட்டுவதற்கு முன்னால் காய்த்தது, அதில் ஒரு குற்றமும் கிடையாது. தெரிந்தும் அடுப்பில் போட்டுவிட்டேன். தெருவில் யாரும் விதை கேட்கவில்லை. ஊமத்தை வேர் இப்படிச் செய்யும் என்று யாருக்குத் தெரியும் என்று எல்லாரும் எனக்கே சமாதானம் சொன்னார்கள். கணவரும் அதையேதான் சொன்னார். உண்மைதான், வேர் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் எனக்குத் தெரியும்.

தக்காளியை நான் விடவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறு செடிகளைக் கலந்து மறுபடி நட்டேன், சொந்த வேரிலேயே. மதினிதான் இன்றும் மார்க் போடுகிறார். எந்தச் செடி, எதில் காய்த்தது, ஒன்றும் கேட்பதில்லை. நான் நீட்டியதும் கண்ணை மூடி வாயில் போட்டுக்கொள்கிறார். அந்த ஒரு மணி நேரத்தை இதுவரை அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் மென்று விழுங்கி, கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிற வரைக்கும், இவ்வளவு நம்பிக்கைக்கு நான் தகுதியானவள்தானா என்று ஒவ்வொரு தடவையும் என்னையே கேட்டுக்கொண்டுதான் நிற்கிறேன்.