யாரு கை இது?

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் பட்டறையில் ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் செய்தவர் தன் அடையாளத்தைக் கீறிவிடுவார். சூளையில் வெடித்தால் அம்மா அதைப் புரட்டிப் பார்த்து, "யாரு கை இது?" என்பாள். அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

தம்பி மனைவி செல்விக்கு ஏழாவது வாரத்தில் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை உட்காரக்கூட விடாமல் அம்மா கேட்டாள்: "பொம்மை அடுக்குன பலகைய தூக்குனியா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "காலேஜுல பாடம் எடுக்கிறவ நீ. சொல்லேன்."

அன்று காலைதான் வகுப்பில் சொல்லியிருந்தேன். கருவும் கருப்பையும் வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்களைச் சுரந்து ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்ளும். அந்தச் சேதி தடுமாறினால் கரு நிலைக்காது. அதில் தாயின் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் உண்மையான வயதைச் சொல்லி, அந்தச் சம்பந்தம் நின்றுபோகக் காரணமானவள் செல்வி.

"கனம் தூக்கினா கலையத்தாம்மா செய்யும்" என்றேன்.

அதன்பின் அம்மா அவளைப் பட்டறைக்குள் விடவில்லை. அடுத்த முறை உண்டானபோது படுத்தே கிடந்தாள். அதுவும் தங்கவில்லை.

"ஒரு சொம்பு தண்ணிகூட நான் தூக்கலியேக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இது யாரு கை?"

பதில் வாய்வரை வந்தது. வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"அடுத்த தடவ இன்னும் ஜாக்கிரதையா இரு" என்றேன்.

அந்தப் பாடத்தை வருடந்தோறும் நடத்துகிறேன். நான் சொன்னால் நன்றாகப் புரிகிறது என்கிறார்கள் மாணவிகள்.