கழுவிய பைப்

லிஃப்ட்காரரைக் கல்நெஞ்சுக்காரர் என்று சொன்னவன் எவனோ, அவன் வாயில் மண் விழ! கூட்டாளியின் சாவு வீட்டில் சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். அதை வைத்து ஒரு மனுஷனை எடை போட்டுவிடுவதா?

மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். கூட்டாளிகள் இரண்டே பேர். ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், இன்னொருவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் 'கியர்'. ஞாயிறு மத்தியானம் கண்ணாடிக் கடையின் பின்னறையில் மூவரும் உட்கார்ந்து பைப் பிடிப்பார்கள். சிகரெட் பிடிக்கிறவன் அவர்களுக்கு அவசரக் குடுக்கை. புகையிலையை உதிர்த்து, பதமாக அமுக்கி, அணையாமல் இழுப்பதற்கு நிதானம் வேண்டாமா என்பார்கள். கண்ணாடிக்காரரின் மனைவிக்கு மட்டும் அந்த நிதானமெல்லாம் எடுபடாது. "அந்த நாத்தத்தோட உள்ள வந்தீங்கன்னா பாருங்க!" என்று வீட்டுக் கதவிலேயே மறிப்பாள்.

வெளிநாட்டில் பைப்காரர்களுக்கென்று ஒரு போட்டி நடக்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவு புகையிலை கொடுப்பார்கள். யாருடைய பைப் கடைசிவரை அணையாமல் இருக்கிறதோ அவருக்குத்தான் பரிசு. "தோத்தா தோத்துட்டுப் போறோம், போய் உக்காந்துட்டாவது வருவோம்டா" என்று நச்சரித்து மூவருக்கும் டிக்கெட் எடுத்தவர் கண்ணாடிக்காரர்தான். டிக்கெட் வந்த வாரமே, யாருக்கோ கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

லிஃப்ட்காரர் கண்ணாடிக்காரரின் மனைவியிடம் போய், "அவன் பைப்பைக் குடும்மா. அவனையும் கூட்டிட்டுப் போன மாதிரி இருக்கும்" என்றார்.

பழகிய பைப்பின் உட்சுவரில் கரி படிந்து கெட்டிப்பட்டிருக்கும். பிடித்தவருடைய வாசனை முழுக்க அந்தக் கரியில்தான். பைப்காரன் எவனும் அதில் தண்ணீர் பட விடமாட்டான்.

கிளம்பும் நாளில் அவள் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். போட்டியன்று காலை ஹோட்டல் அறையில் பிரித்தார்கள். குப்பென்று சோப்பு வாசனை. உள்ளே கரியைக் காணோம், வெளுத்த மரம்தான் இருந்தது.

"அடப்பாவமே!" என்றார் கியர். "நாலு பேர் பாக்கிற இடத்துல அழுக்கா இருக்கக் கூடாதுன்னு சுரண்டித் தேச்சிருக்காடா. அவளை என்னன்னு திட்டுறது?"

லிஃப்ட்காரர் அதைத்தான் எடுத்துப் போனார். வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் ஊறியிருந்த மரம் கொரகொரவென்று இழுத்து, கூடத்திலேயே முதல் ஆளாக அணைந்துபோனது. தோற்றவருக்கு எல்லாரும் மரியாதையாகக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில்தான் மனுஷன் மேஜையில் தலையைக் கவிழ்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். தோற்றதற்கு அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்து நாற்காலிக்காரர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் பைப்பைக் கொடுக்கப் போனார். கழுவியதைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று நினைத்துத்தான் போனார். அவளோ வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோனாள்.

"அண்ணா, பத்த வச்சப்ப அவர் வாசனை வந்துச்சா?"

அவர் பைப்பைச் சுற்றி வந்த துணியை மடிக்கத் தொடங்கினார்.

"அவர் போனப்புறம் தினமும் எடுத்து மோந்து பாப்பேண்ணா. பெருமையா போகட்டுமேன்னு நல்லா கழுவினேன். காஞ்சதும் மோந்தா ஒண்ணுமே இல்ல. நெருப்பு பட்டா திரும்ப வந்துடும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். வந்துச்சா?"

"வந்துச்சும்மா" என்றார். வேறென்ன சொல்வார்?

"அப்போ இங்கயே ஒரு தடவை பத்த வைங்கண்ணா."

அவளே போய் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்தாள். எந்தக் கூடத்தில் புருஷனை ஒரு நாளும் புகைக்க விடவில்லையோ, அதே கூடத்தில், அவருடைய நாற்காலியில் கண்களை மூடி உட்கார்ந்தாள். லிஃப்ட்காரர் பற்றவைத்து இழுத்தார். இந்தத் தடவை பாழாய்ப்போனது அணையவே இல்லை. கூடம் நிறையப் புகை. அவள் காத்திருந்தாள். புகையிலை முழுவதும் சாம்பலாகும்வரை காத்திருந்தாள்.

பிறகு கண்ணைத் திறந்தாள்.

"போதும்ணா. ஜன்னலைத் திறந்துடுங்க."