ஒரே டப்பாவில் வைத்த தோட்டாக்கள்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். இது நடந்தது. என் தங்கையின் மணிக்கட்டை நான் என் கண்ணால் பார்த்தேன். கதை கட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

துப்பாக்கி சுடும் பயிற்சி நிலையத்தில் நான் உதவியாளனாகச் சேர்ந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. தலைமைப் பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது. புதியவர்களுக்கு டம்மி தோட்டாவில்தான் பழக்க வேண்டும். வெடிக்கும் தோட்டா அந்த அறைக்குள் வரவே கூடாது. இது அரிச்சுவடி. மாஸ்டரோ இரண்டையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். கேட்டால், "டம்மியில ஓட்டை இருக்கும்ல? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்பார்.

அதைவிடக் கேவலம் அவர் வைக்கும் பரீட்சை. எதிரே நிற்பவரின் நெற்றியைக் குறி பார்த்து விசையை அழுத்த வேண்டும். கண் சிமிட்டினால் எல்லோர் முன்னாலும் கிண்டல். ஆனாலும் வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னை நினைத்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

அன்று மாலை ஆறு மணி வகுப்பில் நான்கு பேர். அதில் ஒருத்தி என் தங்கை.

6.10. மாஸ்டர் டப்பாவிலிருந்து தோட்டாக்களை அள்ளிக் கொடுத்தார், பார்க்காமலே. அறையில் திடீரென்று வெடிமருந்து கருகிய நாற்றம். டம்மி பழகும் அந்த அறையில் யாரும் நிஜமாகச் சுடுவதே கிடையாது... ஜன்னலைத் திறந்தேன். நாற்றம் போகவில்லை.

6.17. டக். எனக்குப் பின்னால் தரையில் தோட்டா விழும் சத்தம். திரும்பினேன். தரையில் ஒன்றும் இல்லை.

6.20. தங்கையின் முறை. மாஸ்டர் கால்மேல் கால் போட்டு எதிரே உட்கார்ந்து, நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

"அமுக்கும்மா."

அவள் அமுக்கவில்லை.

"பயந்தாங்கொள்ளி!"

"இல்ல... அண்ணா, யாரோ என் கையைப் பிடிச்சிருக்காங்க."

அவள் அருகில் யாரும் இல்லை.

அவள் விரல் மெல்ல விசையை விட்டு விலகியது... யாரோ பிரித்து எடுப்பதுபோல.

பாய்ந்துபோய்த் துப்பாக்கியை வாங்கினேன். மேல்பாகத்தை இழுத்தேன். தோட்டா துள்ளி விழுந்தது.

அதில் ஓட்டை இல்லை.

அவள் மணிக்கட்டில் விரல் தடங்கள் சிவந்து கிடந்தன.

மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணும் ஆகலல்ல? வெளிய மூச்சு விடாத." சீ! மனிதனா அவன்?

மறுநாளே புகார் கொடுத்தேன். விசாரித்த அதிகாரி ஒரு பழைய கோப்பைப் புரட்டினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே அறை, அதே பரீட்சை. அன்று நெற்றியைக் காட்டி நின்றவர் எனக்கு முன்பிருந்த உதவியாளர். செத்துப்போனார். சுட்டது பயிற்சிக்கு வந்த ஒரு பெண். 'தோட்டாவை அவளே ஒளித்துக் கொண்டுவந்தாள்' என்று மாஸ்டர் சாட்சி சொல்ல, அவள் சிறைக்குப் போனாள்.

"அந்தம்மாவை நான் பாக்கணும் சார். அவங்க மேல தப்பில்ல."

அதிகாரி கோப்பை மூடினார்.

"நேத்து சிறை ஆஸ்பத்திரியில இறந்துட்டாங்க. சாயங்காலம் அஞ்சு அம்பதுக்கு."